ஹீட்டர் ஓட்டையும் ஒரு நாள் லீவும்

மாப்ள,

இன்று காலை ஒரகடம் சிக்னலில் முன்னால் நின்ற லாரியிலிருந்து குப்பென்று ஒரு வாசனை. என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் சூடாகிக் கசியும்போது வருமே, அந்தத் தித்திப்பு நாற்றம். காரை ஓட்டிய என் மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான். இறக்குடா என்றேன். நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்த நாற்றம் அடித்தால் மட்டும் உடனே எதிரில் வந்து நிற்கிறாய்.

தொண்ணூற்றொன்று ஆவணியில் என் தங்கையை உனக்குக் கட்டிக்கொடுத்தோம். நீ ஓட்டிய லாரி பஞ்சாபிலிருந்து வாங்கி வந்த பழைய வண்டி, அதனால் கேபினில் ஹீட்டர் இருந்தது. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டரா என்று சிரிக்காத ஆள் இல்லை. ஆனால் மறைமலை நகரில் சரக்கு ஏற்றி இமாச்சலம் வரை போகிறவனுக்கு, அது இல்லாவிட்டால் பனியில் முன் கண்ணாடி மூடிக்கொள்ளும். கூலன்ட் கலந்த என்ஜின் சுடுதண்ணீர் ஓடும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டருக்கு உயிர். அதில்தான் வந்தது வினை.

ஐப்பசியில் ஒழுகியது. நெல்லூரிலிருந்து வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தாய். என் ரேடியேட்டர் பட்டறையில் ஈயம் வைத்து அடைத்தேன். கார்த்திகையில் மறுபடி ஒழுக, புதுசு வாங்கி மாட்டினேன். மார்கழி பிறந்ததும் அதுவும் ஒழுகியது. ஒவ்வொரு முறையும் சரக்கு என் பட்டறை வாசலில், நீ மணிமங்கலத்து வீட்டில் புதுப் பெண்டாட்டியோடு. ஊர் சும்மா இருக்குமா?

உன் முதலாளி நேராகவே கேட்டுவிட்டார். "இன்னாடா, பொண்டாட்டிய வுட்டுட்டுப் போவ மனசு வரல, ஸ்க்ரூடிரைவரால குத்திகினு வந்துடுறியா? இன்னொரு தபா ஒழுகட்டும், சாவிய வேற ஆளாண்ட குடுத்துடுறேன்."

நீ அப்படியே என் பட்டறைக்கு வந்து கத்தினாய். "மச்சான், நீ வெக்கறது ஈயமா, சோத்துப் பசையா? என் வேலையே போவப்போவுது!"

என் வேலையைக் குறை சொன்னால் நான் மனுஷனாகவே இருக்க மாட்டேன், உனக்குத் தெரியும். "வாய மூடிகினு டார்ச்சப் புடி" என்று கேபினுக்குள் தலையை விட்டேன். ஹீட்டரை என்ஜின் பக்க இரும்புத் தகட்டில் பிடித்திருந்த கடைசி போல்ட்டைக் கழற்றினேனோ இல்லையோ, உன் முருகன் படத்துக் கலர் விளக்குகள் அணைந்தன. டேப்பில் ஓடிய பாட்டும் நின்றது. ஹீட்டரைப் பழையபடி தகட்டோடு ஒட்டி வைத்தேன். விளக்கும் வந்தது, பாட்டும் வந்தது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், ஹீட்டர் குழாயில் ஒரு ஒயர் சுற்றியிருந்தது.

"இந்த ஒயர எவன் கட்னது?"

"நான்தான். உன் தங்கச்சி குடுத்த வல்லக்கோட்டை முருகன், வெளக்கு இல்லாம வெக்கச் சொல்றியா? கேபின் பூரா மரமா கீது, எர்த் குடுக்க இந்தச் செப்புக் குழாய்தான் ஆப்டுச்சு."

அடப்பாவி! விளக்கு, டேப், ஃபேன் எல்லாவற்றின் கரண்டும் ஹீட்டருக்குள் ஓடும் தண்ணீர் வழியாகவும் திரும்பி, செம்பை உள்ளேயிருந்து அரித்திருக்கிறது. நான் எத்தனை ஈயம் வைத்தாலும் எப்படி நிற்கும்? விளக்கிச் சொன்னால் நீ கன்னத்தில் போட்டுக்கொண்டு, "முருகன் மேல பழி போடாத மச்சான்" என்கிறாய். "முருகன் மேல இல்லடா, உம்மேல!" என்று நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

ஒயரைப் பிரித்து நேராக சேசிஸ் இரும்பில் எர்த் கொடுத்தேன், ஓட்டையை அடைத்தேன். கார்த்திகையில் கழற்றிப் போட்ட பழைய குட்டி ரேடியேட்டரை அறுத்து முதலாளியிடம் காட்டினேன். ஸ்க்ரூடிரைவர் குத்தினால் வெளியிலிருந்து குத்தியிருக்கும், இது உள்ளிருந்து அரித்தது என்றேன். மனுஷன் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சாவியை உன் கையிலேயே வைத்தார். "சரி, இப்பவே கெளம்பலாமா?"

நீ என் முதுகைச் சுரண்டினாய். காதோரம் கிசுகிசுத்தாய்: "மச்சான்... ஒரே ஒரு நாளு."

உன்னை அங்கேயே அறைந்திருப்பேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "ஈயம் காயணும் மொதலாளி. ஒரு நாள் ஆவும்." ஈயம் கண் இமைப்பதற்குள் இறுகிவிடும் என்பது நல்லவேளையாக அவருக்குத் தெரியாது.

அதற்கப்புறம் அந்த ஹீட்டர் ஒழுகவே இல்லை. நீயும் கடைசிவரை ரோட்டிலேயே கிடந்தாய். போன வாரம்தான் தங்கையிடம் இந்தக் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்ணே, ஈயம் காய ஒரு வாரம் ஆவும்னு சொல்லியிருந்தா இன்னா?"

சொல்லியிருக்கலாம், மாப்ள. அவர் நம்பியிருப்பார்.