நான் எழுதிய புது அட்டைகள்

அண்ணே,

நேற்றுக் காலை, வாங்குமுன் ஓட்டிப் பார்க்கவென்று, புத்தம் புதிய காரொன்றில் ஏறி உட்கார்ந்தேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து வத்தேகமப் பக்கம் வண்டி நகர்ந்ததுமே இருக்கைக்கு அடியில் தட், தட், தட் என்று ஒரு நடுக்கம். கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருந்தன. புது பிளாஸ்டிக் வாசனைக்குக் கீழே பூஞ்சண வாடை.

வண்டியை ஓட்டிய என் மருமகன் சிரித்தார். "ரோட்ட பாத்தீங்களா மாமா? பூரா குழி."

சாலை புதிதாகத் தார் போட்டது. அது குழியின் சத்தமல்ல, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்ற டயரின் சத்தம். கொஞ்ச தூரம் போனதும் குறைந்தது, நிற்கவில்லை. மாலைக்குள் கையெழுத்துப் போட்டால் வண்டி அவருடையது. அதில்தான் என் மகள் தினமும் ஹுன்னஸ்கிரியப் பாடசாலைக்கு மலையேறிப் படிப்பிக்கப் போகப்போகிறாள்.

எனக்கு முதலில் உங்கள் குரல்தான் கேட்டது. "வண்டியும் படுத்த நோயாளியும் ஒண்ணுதான் கிளாக்கரையா. பொரட்டிப் போடலன்னா புண்ணாயிடும்."

வரியும் லீசிங் வட்டியும் ஏறி, கார் வாங்க ஒருவரும் வராத அந்த வருடங்களில், நாம் வேலை பார்த்த கண்டிக் கார்க் கடையில் இடம் போதாமல் மிச்ச வண்டிகளை வத்தேகமைக்கு அப்பால் மூடிக்கிடந்த ஒரு தேயிலை ஸ்டோருக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்பத்தொரு வண்டிக்கு எஞ்சியது டிரைவரான நீங்களும் கிளாக்கரான நானும்.

விற்காத கார் சும்மா நிற்காது என்பதை உங்களிடம்தான் அறிந்தேன். பெட்டரி இறங்கும். பிரேக் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். தாங்கியில் கிடக்கும் பெற்றோல் கெடும். எலி வயரைக் கடித்து அங்கேயே குட்டி போடும். டயர் நின்ற இடத்தில் தட்டையாகும். வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, சக்கரத்தைக் கால் சுற்று உருட்டி, டயரின் உச்சியில் சோக்கால் ஒரு கோடு போடுவீர்கள். அடுத்த வாரம் அந்தக் கோடு இடம் மாறியிருக்க வேண்டும்.

அதற்காக வண்டிக்கு ஓர் அட்டை வைக்கும் யோசனை என்னுடையது. வாரத்துக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு கட்டம். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "கல்யாணக் கார்டு குடுத்தாலும் அதுலயும் கட்டம் அடிப்பீங்க போல!" ஆனாலும் ஒரு வாரமும் தவறாமல், மேடும் பள்ளமுமான எழுத்தில் நிரப்பினீர்கள்.

பிறகு பெற்றோலை நிறுத்தினார்கள். "ஓடாத வண்டிக்கு எதுக்கு பெற்றோல்?" என்றார் மெனேஜர். சமதரையில் நின்ற வண்டிகளைக் கையால் தள்ளி உருட்டினீர்கள். சரிவில் நின்றவற்றை ஒற்றை ஆளாக என்ன செய்ய முடியும்? அவற்றின் அட்டைகளில், "பெற்றோல் குடுக்கல. பார்க்கல" என்று எழுதினீர்கள். வாரத்துக்கு வாரம் அதே வரி.

விலையைக் குறைத்து விற்பதென்று முடிவானபோது மெனேஜர் வெற்று அட்டைக் கட்டொன்றை என் மேசையில் வைத்தார். "குடுக்கல, பார்க்கலன்னு கிடக்கு. இத யாருக்கு காட்டுறது? உங்க எழுத்து அழகு. கிளீனா ஒரு செட் எழுதிட்டு பழச எரிச்சிருங்க."

எழுதினேன், அண்ணே. ஒரே பிற்பகலில், ஒரே பேனாவால், கதிரையை விட்டு எழும்பாமல். பார்க்காத வாரங்களுக்கெல்லாம் சரிக்குறி போட்டேன். உங்கள் பெயரின் முதலெழுத்தையும் நானே போட்டேன். பழையவற்றை மட்டும் எரிக்கவில்லை. துணிச்சலால் அல்ல, பதிவை அழித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மேசையின் அடி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

வண்டிகளைக் கழுவி மெழுகு பூசி, "புத்தம் புதுசு" என்றே விற்றார்கள். சரிவில் நின்ற ஒன்றை வாங்கிய தாதி ஒருவர் இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். ஹுன்னஸ்கிரிய வளைவில், மழையில், பிள்ளைகள் இருவரும் பின்னாலிருக்க எஞ்சின் நின்றதாம், பிரேக்கும் இறுகியதாம். அவர் கத்தவில்லை. கையில் அட்டையைப் பிடித்திருந்தார். "இந்த எழுத்த பாத்துதான் நம்பினேன்" என்றார்.

மெனேஜர் உங்களைக் கூப்பிட்டார். "வாராவாரம் பாத்தேன்னு போட்டிருக்க. இதுதான் பாத்த லட்சணமா?"

நீங்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நான் எழுதின அட்ட இது இல்லீங்க."

"அப்ப அது எங்க?"

அது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். நான் ரூல்தடியை மேசை விளிம்போடு ஒழுங்காக வைத்துக்கொண்டிருந்தேன்.

பொய்ப் பதிவு எழுதியவர் என்று உங்களை அன்றே அனுப்பினார்கள். படலையடியில் திரும்பி, "எழுத்து நல்லாத்தான் இருக்கு, கிளாக்கரையா" என்றீர்கள். அவ்வளவுதான்.

கோபம் வருகிறது, அண்ணே. எழுபது தாண்டிய பிறகு, சோற்றில் கை வைக்கும்போது வருகிறது. பெற்றோலை மறுத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு கிளைக்கு உயர்வோடு போனார். மழையில் பிள்ளைகளோடு நின்றது அந்தத் தாதி. பெயர் கெட்டது உங்களுக்கு. உங்கள் மீதும் கோபம். என் கழுத்தைப் பிடித்துக் கேட்டிருக்கலாமே? ஏன் கேட்கவில்லை? நான் உடைந்துபோவேன் என்று இரக்கப்பட்டீர்களா? அந்த இரக்கத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகு ஒருமுறை மடுல்கெல்லையிலுள்ள உங்கள் வீட்டுக்கு வந்தேனே, அப்போது பழைய அட்டைகள் என் பையில்தான் இருந்தன. அண்ணியும் நானுமாக உங்களை ஒரு பக்கமாகத் திருப்பினோம். "கால் சுத்துதானே? சோக் கோடு போட்டுக்குங்க" என்று சிரித்தீர்கள். வாசலில் உங்கள் மகன் யாரிடமோ, "அப்பா கம்பெனியில கள்ளப் பதிவு எழுதி மாட்டினவர்தானே" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். உங்களுக்கும் கேட்டது. நான் தேநீரைக் குடித்தேன். பையைத் திறக்காமலே பஸ் ஏறினேன். அடுத்து வந்தது உங்கள் மரணச் செய்தி.

நேற்று வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனபோது விற்பனையாளர் ஒரு தாளை நீட்டினார். "வாராவாரம் செக் பண்ணின ரெக்கோட் இருக்கு சேர். பயப்படாம எடுங்க."

பார்த்தேன். ஒரே மை, ஒரே சாய்வு. நாடே கடையைப் பூட்டிய சித்திரைப் புத்தாண்டு வாரத்துக்கும் ஒரு சரிக்குறி. மருமகன் பேனாவைத் திறந்துவிட்டார். இவ்வளவு காலம் கழித்து நான் தப்பாக நினைக்கிறேனோ, இளையவர்கள் முன்னால் அசடு வழிகிறேனோ என்று வழக்கம்போல் தோன்றியது.

"இது ஒரே இருப்புல எழுதினது" என்றேன்.

"சேருக்கு எப்படித் தெரியும்?" சிரித்தபடிதான் கேட்டார்.

"நானும் எழுதியிருக்கேன். நாப்பத்தொரு வண்டிக்கு. அந்த எழுத்தால ஒரு நல்ல மனுசன் பேரு கெட்டுச்சு." குரல் என்னுடையது போலவே இல்லை, கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "டயரையும் பிரேக்கையும் கழட்டிக் காட்டுங்க. இல்லன்னா கையெழுத்து இல்ல."

மருமகன் என்னை முதன்முறை பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "மாமா சொல்றபடி செய்ங்க" என்றார். கழற்ற மறுத்தார்கள். வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தோம். வழியெல்லாம் அவருக்கு உங்கள் கதையைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அவங்க வீட்டுக்குத் தெரியுமா, மாமா?"

உங்கள் அட்டைகளை அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். "பெற்றோல் குடுக்கல. பார்க்கல." உங்கள் எழுத்து கொஞ்சமும் மங்கவில்லை. நாளைக் காலை மருமகனோடு மடுல்கெல்லைக்குப் போகிறேன். தனியாகப் போனால் மறுபடி தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன்; எனக்கு என்னைத் தெரியும். அட்டைகளோடு உங்கள் மகனுக்குக் கொடுக்க ஒரு தாளும் எழுதியிருக்கிறேன். செய்தது நான் என்று, என் முழுப் பெயரையும் போட்டு.

அண்ணே, இந்த முறை எழுத்து நன்றாக இல்லை.