உன் பெயரில் விற்ற முறுக்கு

பக்கத்து வீட்டுச் செல்வி முறுக்கு கொண்டுவந்தாள். துக்க வீட்டில் இந்த வருஷம் தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்று, இந்தச் சாஆ ஊரில் நம் வீட்டு வரிசைக்காரர்கள்தான் ஆளுக்கொரு தட்டு தருகிறார்கள். ஓம வாசனை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும்போல் இருந்தது. எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்லச் செல்வி எழுதுகிறாள்.

எஸ்டேட் வேலையை விட்டபின் நீ முறுக்கு விற்க ஆரம்பித்தாய். நீ பிழிவதை மகன் போனில் லைவ் காட்டுவான். சரியாக வராவிட்டால் நீயே சொல்லிவிடுவாய்.

“இன்னிக்கு மாவு சரியில்ல, ஒடைஞ்சு போவுது. நாளைக்கு வாங்குங்க மா.”

“அலமாக்! இப்படிச் சொன்னா யாரும்மா வாங்குவா?”

“மொகம் தெரியாதவங்கடா. என் வாயத்தான நம்புறாங்க.”

விளக்கு வைத்ததும் போனை அணைத்து அரிசி வாளிக்குள் போட்டுவிடுவாய். பேரப்பிள்ளைகளை ஒருநாளும் காட்ட விட்டதில்லை. “விக்கிறது முறுக்கு, வீட்ட இல்ல” என்பாய். எவளோ குறை எழுதியதற்கு மகன் திட்டப் போனபோது, “விடு லா, அவ பாக்கெட்டு நமுத்திருக்கும், வேற அனுப்பு” என்றாய்.

தைப்பூசம் முடிந்து நீ போனாய். மகன் அதை அங்கே சொல்லவில்லை. தீபாவளி நெருங்கியதும் சிகாமட் டவுனில் யாரோ சுட்டதை வாங்கிவந்து பாக்கெட் போட்டான். உன் பழைய வீடியோக்களை மறுபடி ஓடவிட்டான். ஒரு மத்தியானம் கூடத்திலிருந்து உன் குரல்: “எங்க வீட்டு அடுப்புல சுட்டது மா.” எழுந்து ஓடினேன். போன்தான். அடுப்பு சில்லென்று கிடந்தது.

வீடியோவுக்குக் கீழே எழுதி வந்திருந்ததைச் செல்வி படித்துக் காட்டினாள். அக்கா உடம்பு எப்படி என்று ஒருத்தி கேட்டிருக்கிறாள். நல்லா இருக்கேன் மா என்று நீ பதில் சொல்லியிருக்கிறாய்.

“செத்தவள பேச வைக்கிறியாடா?”

“அம்மா பேருக்குத்தான் பா ஆர்டர் வருது. இல்லனா யாரு சீந்துவா?”

மறுநாள் அவன் லைவில் இருக்கும்போது போய் முன்னால் நின்றேன்.

“அப்பா, லைவ் ஓடுது பா!”

“ஓடட்டும். வணக்கம் மா. நான் அவ புருஷன். அவ தைப்பூசத்தோட போயிட்டா. இது யாரோ சுட்டது. புடிச்சா வாங்குங்க.”

ஆர்டர் நின்றது. உனக்காக அழுது நிறையப் பேர் எழுதினார்களாம். ஒருத்தி மட்டும், “அப்ப போன வாரம் எங்கிட்ட பேசுனது யாரு?” என்று கேட்டாளாம்.

“என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க” என்றான் மகன். அந்தக் கோபத்தில் உன் வீடியோக்களை ஒன்று விடாமல் அழித்துவிட்டான். இனி உன் குரலைக் கேட்க எங்கும் வழியில்லை. அதை யோசிக்காமல்தான் போய் நின்றேன். யோசித்திருந்தாலும் நின்றிருப்பேன்.

“சாப்பிட வர்றீங்களா, இல்ல நாய்க்கு வைக்கவா?” என்று அடுக்களையிலிருந்து கத்துவாயே, அது மட்டும் காதுக்குள் இருக்கிறது. அதைப் போட்டு எவனும் முறுக்கு விற்க முடியாது.