பன்னிரண்டு பாட்டு, நூற்றைம்பது ரூபாய்

20 நவம்பர் 2012, செவ்வாய்

சென்னையிலிருந்து சிடி வந்துவிட்டது. நான்கு அட்டைப் பெட்டி, மொத்தம் ஆயிரம். மேலட்டையில் வேல், மயில், கீழே சின்னதாக என் பெயர். பழனி பாதயாத்திரைக்கென்று ஜூன் மாதம் நான் பாடிக் கொடுத்த பன்னிரண்டு பாட்டு. ஆகஸ்டில் தைராய்டு ஆபரேஷன். அதற்கப்புறம் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இப்படி ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார். யாரைக் குறை சொல்ல?

வீட்டுக்காரர் ஒன்றைப் பிரித்து நீட்டினார். வாங்கி அலமாரியில் வைத்தேன். போட்டுக் கேட்கவில்லை. விலை நூற்றைம்பது என்று அவரே முடிவு செய்துவிட்டார். தலையாட்டினேன்.

2 டிசம்பர்

அவருடைய பாத்திரக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கிறார். இதுவரை பதினான்கு போயிருக்கிறது. வாங்கியதெல்லாம் சொந்தக்காரர்கள். வருத்தமாக இருக்கிறதா? உள்ளே தேடிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

9 டிசம்பர், ஞாயிறு

மதுரையில் படிக்கும் மகள் நித்யஸ்ரீ வந்திருந்தாள். சாப்பிடும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“யாரும்மா இப்ப சிடி வாங்குறாக? எங்க ஹாஸ்டல்ல சிடி போட்டுக் கேக்க ஒரு மிஷினு கெடையாது. எல்லாம் டவுன்லோடுதான். அப்பச்சி, வெலையை முப்பதுக்குக் கொறைங்க. இல்லாட்டி நெட்டுல சும்மாவே போட்டுருவோம்.”

அவளுடைய அப்பச்சி, என் வீட்டுக்காரர், எழுந்து கை கழுவப் போனார். நான் அடுப்படிக்கு வந்த பிறகு, எனக்குக் கேட்காது என்று நினைத்து, அவளிடம் சொன்னார்: “உங்கம்மா இனிமே பாடப் போறதில்லைத்தா. இருக்கது இது ஒண்ணுதான். இதைப் போயி முப்பது ரூபாய்க்கு விக்கச் சொல்றியா?”

அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன்.

10 டிசம்பர்

மழை. பிள்ளை கிளம்பிவிட்டது.

5 ஜனவரி 2013, சனி

செக்காலை ரோட்டில் ஜியாவுதீனின் மொபைல் கடைக்கு ரீசார்ஜ் செய்யப் போனேன். உள்ளே ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தாள். நன்றாகப் பாடுகிறாளே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அடுத்த அடியில் மூச்சு எடுத்த இடம்தான் காட்டிக்கொடுத்தது. என் மூச்சு.

“யார் பாடுனது?” என்று மூன்று தடவை கேட்க வேண்டியிருந்தது.

“தெரியலையே ஆச்சி. நெட்டுல கெடந்துச்சு, பேரு எதுவும் இல்லை. பழனிக்கு நடக்குறவுக எல்லாரும் இதைத்தான் கேக்குறாக. கார்டைக் குடுங்க, இருவது ரூபாய்க்கு நூறு பாட்டு ஏத்தித் தாரேன்.”

திட்டியிருக்கலாம். திட்டவும் குரல் வேண்டுமே. மெமரி கார்டைக் கழற்றிக் கொடுத்தேன். இருபது ரூபாயும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

6 ஜனவரி

வீட்டில் சொல்லவில்லை.

23 ஜனவரி, நத்தம்

பழனிக்கு நடக்கிறேன். குன்றக்குடியிலிருந்து கிளம்பி மூன்றாவது நாள். கால் கொப்புளம் உடைந்துவிட்டது. வலி மட்டும் ஒழுங்காகத் தெரிகிறது.

நேற்று சிங்கம்புணரி தாண்டி, நேமத்தான்பட்டிப் பெண்கள் சிலர் கூட வந்தார்கள். பொன்னழகு என்ற பெண் கழுத்தில் போனைத் தொங்கவிட்டிருந்தாள். அதில் என் பாட்டு. மற்றவர்கள் சேர்ந்து பாடினார்கள்.

“ஆச்சி, நீங்க மட்டும் ஏன் சும்மா வாரீக? பாடுங்க.”

தொண்டையைத் தொட்டு, வராது என்று கை காட்டினேன்.

“அதனால என்ன? வாயை அசைங்க, போதும். முருகனுக்குத் தெரியும்.”

அசைத்தேன். அவள் கழுத்திலிருந்து என் குரல் வந்தது. இங்கே என் வாய் அசைந்தது. ஒரு வார்த்தை தப்பவில்லை. கண்ணுல தண்ணி வந்துருச்சு... எதுக்குன்னு எனக்கே தெரியலை. வெயிலுன்னு சொல்லிட்டேன்.

வேனில் முன்னாலேயே வந்துவிட்ட வீட்டுக்காரர் அன்னதானப் பந்தலுக்கு வெளியே மேசை போட்டு சிடி அடுக்கியிருந்தார். பாட்டு நெருங்கி வர வர எழுந்து நின்றார். சத்தம் போடப் போகிறார் என்று பயந்தேன்.

“இது யாரு பாட்டும்மா?”

“யாருன்னு தெரியாதுண்ணே,” என்றாள் பொன்னழகு. “ஆனா பன்னெண்டும் எனக்கு மனப்பாடம். எம்புட்டுத் தூரம் நடந்தாலும் கால் வலி தெரியலை.”

அவர் என்னைப் பார்த்தார். மேசையை மடக்கி, பெட்டிகளை வேனில் ஏற்றினார். நேற்று ஒரு சிடியும் விற்கவில்லை.

3 பிப்ரவரி, ஞாயிறு

காலையில் அவரே மகளுக்குப் போன் போட்டார். “நெட்டுல போடணும்னியே, அதுக்கு என்ன செய்யணும்? வெலையெல்லாம் வேணாம்த்தா. பேரு மட்டும் பெருசாத் தெரியணும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, பெயரை எப்படிப் போடச் சொல்ல என்று கேட்டார். சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “இன்னொருக்கச் சொல்லு,” என்றார்.

கல்யாணசுந்தரி என்று இன்னொரு தடவை சொன்னேன்.