ஒருசந்தி நாளில் போட்ட மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

சேசுவுக்குப் புகழ். தலைசுற்றல் நின்றதா? நான் நன்றாக இருக்கிறேன். விடுதிச் சாப்பாடும் பரவாயில்லை.

மருந்தியல் அரியர் பரீட்சைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. நாற்பது பாடத்தில் ஒன்பதுதான் முடித்திருக்கிறேன். காலையில் படித்தது மாலையில் நினைவில் இல்லை. இது மூன்றாவது முறை. இந்த முறையும் தேறமாட்டேன் அம்மா.

நேற்று பாடப் புத்தகத்தில் உன் சர்க்கரை மாத்திரையைப் பற்றிப் படித்தேன். அதைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வருமாம். போன வெள்ளி கோயிலில் சிலுவைப்பாதையின்போது நீ விழுந்தது வெயிலால் இல்லை. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாலும் மாத்திரையை மட்டும் விடாதே என்று உனக்குச் சொன்னவள் நான்தான்.

உடனே அறைத்தோழி நாசியாவின் போனில் உன்னைக் கூப்பிட்டேன். “பரிச்சைல பாசாவல, நீ எனக்கு டாக்டரா? போய்ப் படிச்சிக்கினு இரு” என்று சிரித்துவிட்டு வைத்தாய். நானும் சிரித்தேன்.

விழுப்புரம் பக்கம் யாராவது வந்தால் வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்பு, தோலை உரித்துக் கொறித்துக்கொண்டே படிப்பேன். வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போகாமல், என்னிடம் ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போகச் சொல்.

நாசியாவின் அண்ணன் திண்டிவனம் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார், இதை அவரிடமே தருகிறேன், இன்று இரவே நம் வீட்டில் கொடுத்துவிடுவார். நாளை வெள்ளி. ஒருசந்தி வேண்டாம், டாக்டரிடம் கேள். அந்தப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு பக்கம்தான். இதையாவது நம்பு.

உன் மகள்,
வெனிலா