சோறில்லாத கேரியர்

அன்பு மகள் அஃப்ராவுக்கு, வாப்பா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே காரைக்காலில் இருவரும் சுகம், உன் உம்மாவின் முழங்கால் மட்டும் நம் பேச்சைக் கேட்பதில்லை. தோஹாவில் நீயும் மாப்பிள்ளை ஹமீதும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். போனில் தினமும் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய், வாயால் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் கட்டுமானப் படிப்புக்காக நான் முதலில் அனுப்பிய அனுபவக் கடிதத்தை உன் ஆன்லைன் கல்லூரி திருப்பிவிட்டது என்று நீ சொன்னபோது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கோபப்படவில்லை. "பரவாயில்லை வாப்பா, வேலையை விட்டுட்டு ஆறு மாசம் சைட் பயிற்சிக்குப் போறேன், இல்லைன்னா படிப்பை நிறுத்திக்கிறேன்" என்றாய். பிறகுதான் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். "தந்தைக்கு உதவியாக இருந்தார், தொழிலாளர்களுக்கு உணவு கொண்டு வந்தார்" என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நான் எடுத்துக் கட்டும் வீடுகளின் சைட்டில் பெண் பிள்ளை ஆம்பளைகளோடு நின்று வேலையை மேற்பார்க்கிறாள் என்று ஊர் பேசிவிடுமே என்று நான்கு வருடம் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிப் பழகிய பொய், பேனாவிலும் தானாக வந்துவிட்டது.

நேற்று உன் உம்மா பரண்மேல் இருந்த அந்த நாலடுக்குக் கேரியரை இறக்கினாள். ஊர் பார்க்கட்டும் என்று தினமும் உன் கையில் நான் கொடுத்துவிட்ட கேரியர்தான், அதில் சோறு இருந்ததே இல்லை என்பது நம் மூவருக்கும் தெரியும். அடித் தட்டில் உன் அளவு டேப்பும் ஒரு நோட்டும் இருந்தன. மண்டபத்தூரில் சிவநாதன் வீட்டு வேலை நடந்த நாளைத் தேடிப் பார்த்தேன். "பில்லர் கம்பியில் ஆறு அங்குலத்துக்கு ஒரு ரிங் இருக்கணும், ஒன்பது அங்குலத்துக்கு ஒண்ணுதான் இருக்கு. கான்கிரீட்டை நிறுத்தச் சொன்னேன். வாப்பா ஏசினாங்க. மதியம் பிரிச்சுக் கட்டினாங்க. வேலை சரி" என்று எழுதியிருக்கிறாய். கேரியரை வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்று அத்தனை பேர் முன்னால் உன்னை ஏசியதும், பிறகு தப்பைக் கண்டுபிடித்தது நான்தான் என்று சிவநாதனிடம் சொல்லிக்கொண்டதும் அதில் இல்லை. அவர் இன்றும் என்னைப் பார்த்தால் அதற்காக வண்டியை நிறுத்தி வணக்கம் வைக்கிறார், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தேன். உம்மா நோட்டை என் மடியில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இன்று காலை மண்டபத்தூர் போய் சிவநாதனிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் "பேனாவைக் கொடுங்க பாய்" என்று வாங்கிப் புதுக் கடிதத்தின் கீழே சாட்சிக் கையெழுத்துப் போட்டார். சைட் சூப்பர்வைசர், நான்கு வருடம் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன், கூட்டியும் எழுதவில்லை, குறைத்தும் எழுதவில்லை. அதையும் நோட்டின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். உன் மாமியார் வீட்டிலும் இதே பொய்யைச் சொல்லித்தானே கல்யாணம் பேசினேன் என்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டால், "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்று சிரிக்கிறார்.

வேலைக்கும் போய் வகுப்பும் கேட்கிறவள் வேளைக்குச் சாப்பிட வேண்டும், கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. இருபதாம் தேதிக்குள் புதுக் கடிதத்தைக் கல்லூரிக்கு அனுப்பிவிடு, மறக்காதே. அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்வானாக. கேரியரை உம்மா கழுவி வைத்திருக்கிறாள். படிப்பு முடிந்து நீ இங்கே ஒரு வேலையை எடுத்து நடத்தும்போது, அதில் நிஜமாகவே சோறு போட்டு நான் சைட்டுக்குக் கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் வாப்பா
காஜா நஜ்முதீன்