மோக்காவுக்குப் போட்ட இலை

தை 24, சனி. காரைக்குடி

காலையில் பனி. ஒன்பதுக்கு மேல் வெயில். மோக்காவை நாய் டாக்டரிடம் கூட்டிப் போய் எடை பார்த்தது. 39 கிலோ. மகள் கயல் ஜெர்மனிக்குப் புறப்படும்போது 33. ஐந்து மாதத்தில் ஆறு கிலோ. மனைவி விசாலம் இட்லி ஊட்டியதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டாக்டர்: "நடக்க விடுங்க சார். இல்லேன்னா இடுப்பு போயிரும்." நாய்க்கா எனக்கா என்று கேட்கவில்லை.

மகள் வைத்த பெயர் மோக்கா. காபி நிற லாப்ரடாருக்குப் பொருத்தம்தான். விசாலம் வாயில் அது மொக்கையன் ஆகி, தெருவே அப்படிக் கூப்பிடுகிறது. நாயும் அதற்குத்தான் திரும்புகிறது. நான் வெறும் காப்பாளர். பெயர் விவகாரத்தில் தலையிடுவதில்லை.

மாலை ராமநாதன் வந்தார். கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டை ஓட்டல் ஆக்கியவர். வெளிநாட்டு விருந்தினருக்குப் புதுத் திட்டம்: நாயோடு மலையில் ஓர் இரவு. ஒத்திகைக்கு இரண்டு ஆள், இரண்டு நாய் வேண்டும். அவருடைய நாட்டு நாய் துரை தயார். நத்தம் தாண்டி ஒரு எஸ்டேட் பாதை. தனியார் இடம், நாய்க்குத் தடையில்லையே என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

ஏன் திங்கட்கிழமை? தேய்பிறை அஷ்டமி.

"வைரவர் வாகனத்தக் கூட்டிட்டுப் போறோம்ணே. வேற நாள் பாக்கலாமா?"

ஒப்புக்கொண்டேன்.

தை 25, ஞாயிறு

எடுத்துப்போக: கயிறு 2. தண்ணீர் 6 லி. உண்ணி மருந்து. டார்ச். பழைய போர்வை. பிஸ்கட் (நாய்க்கு). பிஸ்கட் (எனக்கு). கலந்துவிடாமல் பெயர் எழுதியாயிற்று.

பயப்பட: காட்டுமாடு. பாம்பு. சரிவு. குரங்கைக் கண்டு மோக்கா ஓடுவது. மோக்காவைப் பிடிக்க நான் ஓடுவது.

கயல் அனுப்பிய 'கூடாதவை' பட்டியலைத் தபால் அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். சாக்லெட், வெங்காயம், பச்சைத் திராட்சை, காய்ந்த திராட்சை. கடைசி இரண்டுக்கும் அடிக்கோடு, சிறுநீரகம் போய்விடுமாம்.

விசாலம் அட்டையை வாங்கிப் படித்தாள். "வெங்காயமும் ஆகாதுன்னா இது எதுக்குக் காரைக்குடிக்கு வந்துச்சு?"

இரவு கயல் போனில். "அப்பா, கயித்த மட்டும் அவுத்துராதீக." அவிழ்க்க மாட்டேன். பேசி முடித்த பிறகும் இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன்.

தை 26, திங்கள். மலை

9.15 அடிவாரம். மேகம், நல்ல காற்று. ராமநாதன் (இனி ரா.) கையில் ஐந்தடுக்குத் தூக்கு. மலையேறுகிறவன் சுமையைக் குறைக்க வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. எங்கள் பக்கத்து ஆள் யாரும் அவற்றை எழுதவில்லை.

துரை முன்னால். மோக்கா என்னை இழுத்தபடி. வாழைத்தார் சுமந்து இறங்கிய பெண் ஒதுங்கி நின்றாள்:

"நாயி உங்களக் கூட்டிட்டுப் போகுதா, நீங்க நாயக் கூட்டிட்டுப் போறீகளா?"

மூச்சு இருந்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

2.40 எஸ்டேட் கொட்டகை. பக்கத்தில் மரத்தடியில் ஒரு கல் வைரவர். காட்டுமாடு வரவில்லை. பாம்பு வரவில்லை. கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்று. பட்டியலில் இருந்த எதுவும் வரவில்லை என்று நிம்மதிப்பட்டேன். எழுதவே கூசுகிறது.

3.00 ரா. இலை போட்டார். முதல் இலை வைரவருக்கு. அடுத்த இரண்டும் வாகனங்களுக்கு. பிறகுதான் மனிதர். தூக்கின் மேலடுக்கில் சர்க்கரைப் பொங்கல், அவர் வீட்டம்மா விடியுமுன் எழுந்து செய்தது. நெய், முந்திரி, திராட்சை. எதிலும் குறை வைக்கவில்லை.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. அட்டை சட்டைப்பையில். ஆனால் போட்ட இலையைத் தடுக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. இவ்வளவு தூரம் சுமந்து வந்தவர் முகத்துக்கு எதிரே எப்படி? ஒரு வாய் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். மோக்காவுக்கு இலை முழுதும் ஒரே வாய்.

"வாகனத்துக்கு இன்னொரு கரண்டி."

"போதுமே," என்றேன்.

"போதுமேன்னா இன்னும் வேணும்னு அர்த்தம்ணே."

உண்மை. நானே விருந்துகளில் அந்த அர்த்தத்தில்தான் சொல்வேன்.

துரை பொங்கலை நக்கித் தின்றுவிட்டுத் திராட்சையை இலையோரம் ஒதுக்கியிருந்தது. எண்ணினேன். எட்டு. ஒரு கரண்டிக்கு எட்டு என்றால், மோக்கா இரண்டு கரண்டி. ஆகப் பதினாறு. துரை எந்த அட்டையும் படித்ததில்லை.

அப்போதுதான் சொன்னேன். ரா. கரண்டியைக் கீழே வைத்தார். "வைரவர் பிரசாதம்ணே. அவர் வாகனத்த அவரே..."

4.10 சிக்னல் கிடைக்கிற பாறை. டாக்டர்: "ஒண்ணு ரெண்டு தின்னு போன நாயும் உண்டு. அம்பது தின்னுட்டு ஓடுறதும் உண்டு. சொல்ல முடியாது. உடனே கொண்டாங்க." கொட்டகைக் காவலர் விடவில்லை. ஐந்துக்கு மேல் பாதை காட்டுமாட்டுக்குச் சொந்தம். அப்படியானால் தண்ணீர் வையுங்கள், உப்பு கரைத்துக் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள், எத்தனை தரம் சிறுநீர் போகிறது என்று குறித்து வையுங்கள், விடிந்ததும் இறங்குங்கள் என்றார் டாக்டர்.

அதே பாறையில் கயலின் செய்தி: எப்படி இருக்கான்?

அனுப்பியது: நல்லா இருக்கான். மலை பிரமாதம்.

சிறுநீர் (சி.) 5.05, கொட்டகைத் தூண்.
சி. 7.30, ரா.வின் பை.
வாந்தி 1.20. டார்ச் அடித்துப் பார்த்தேன். திராட்சை ஆறு. உப்பிப்போய்.
மீதி பத்து.

தை 27, செவ்வாய்

கீழ்வானம் வெளுத்ததும் இறங்க ஆரம்பித்தோம். சி. 6.10, கொஞ்சம். மூன்றாவது வளைவில் மோக்கா படுத்துக்கொண்டது. கூப்பிட்டேன், எழவில்லை. "மொக்கையா" என்றேன். வால் ஒருமுறை. அவ்வளவுதான்.

போர்வையில் கிடத்தி ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். 39 கிலோவில் ஒவ்வொரு கிலோவும் தெரிந்தது. எதிரே நேற்றைய வாழைத்தார்ப் பெண், இன்று வெறுங்கையோடு ஏறி வந்தாள்.

"நேத்து அது இழுத்துட்டுப் போச்சு, இன்னைக்கு நீங்க தூக்கிட்டு வாரீகளா?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். திரும்பி வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். அடிவாரம் வரை விடவில்லை. பெயர் கேட்காமல் வந்துவிட்டேன்.

12.20 டாக்டர். முன்காலில் டிரிப். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூட. நாளை, மறுநாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். "பதினாறா? எப்படி சார் இவ்வளவு சரியாச் சொல்றீங்க?" எண்ணினேன் என்றேன். எப்போது எண்ணினேன் என்று அவர் கேட்கவில்லை.

ரா. வாசல் பெஞ்சில், காலித் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு. வீட்டுக்குப் போங்க என்றால் போகவில்லை.

கயல்: எப்படி இருக்கான்?
நான்: மலை ஏறின அசதி. தூங்குறான்.

தை 28, புதன்

வெயில். சிறுநீர் காலையில் இல்லை. பத்து மணிக்கு இல்லை. பன்னிரண்டுக்கு இல்லை. கிளினிக்கின் தராசு, விளக்கு, நாய்ப்படம் போட்ட காலண்டர், எல்லாம் மனப்பாடம்.

விசாலம் இட்லி அவிக்கவில்லை. நாய் இல்லாமல் எவ்வளவு மாவு கரைப்பது என்று தெரியவில்லையாம். மாலை கிளினிக் வந்து தரையில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். போகும்போது என்னிடம்: "வேணாம்னு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம்ல?" முப்பது வருடமாக மரியாதை பார்த்துப் பேசுகிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர்.

சி. 5.45. கால் டம்ளர் இருக்கும். டாக்டர் "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன பொருள் என்று இரவு வரை யோசனை.

கயல்: எப்படி இருக்கான்? போட்டோ அனுப்புங்க.
திங்கட்கிழமை அடிவாரத்தில் எடுத்த படத்தை அனுப்பினேன். நாக்கு தொங்க, சிரித்த முகம். என் முதல் போலி ஆவணம்.

தை 29, வியாழன்

மறுபடி இரத்தப் பரிசோதனை. 11.30 முடிவு: எல்லைக்குள் வந்துவிட்டது. டாக்டர் தாளைக் காட்டி விளக்கினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. "கூட்டிட்டுப் போகலாம்" மட்டும் ஏறியது.

சி. 11.50, வாசலில், ரா.வின் தூக்கின்மேல். அடுக்கு அடுக்காக வழிந்தது. ரா. நகர்த்தவில்லை. "நல்லாப் பேயட்டும்ணே, நல்லாப் பேயட்டும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீடு. மோக்கா குளிர்ந்த தரையில். துணிச்சல் வருமுன் கயலைக் கூப்பிட்டேன். வந்த பிறகு கூப்பிடலாமென்றால் வருடம் ஆகும். இலை, கரண்டி, பதினாறு, வாந்தி, போர்வை, போலிப் படம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"தெரியும்ப்பா. டாக்டர் திங்கக்கெழமையே போன் பண்ணிட்டாரு."

"பெறகு ஏம்மா ஒரு வார்த்த கேக்கல?"

"தெனமும் கேட்டேனேப்பா."