முப்பத்தாறில் நிற்க வேண்டிய தாளம்

நாள் 212. காலை 6.10
எல்லாம் ஒழுங்கு. செவ்வாய்க்குப் போகும் கப்பலில் பன்னிரண்டு பேர் உறைதூக்கத்தில். விழித்திருப்பவன் நான் ஒருவன்: சவரிராஜ். தூத்துக்குடியில் கல்யாணங்களுக்கு ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போட்டவன். பத்தாம் வகுப்பை மூன்று தடவை ரசித்து எழுதியவன். ஒன்பதாம் பெட்டியில் என் மகள் பிரகாசி, டாக்டர். அவள் சிபாரிசில்தான் எனக்கு இந்த வேலை.

தூங்குகிறவர்களுக்கு ஓர் ஆர்கெஸ்ட்ரா இசை ஓயாமல் ஓடும். நிமிடத்துக்கு முப்பத்தாறு தட்டு. இதயம் அதன்படி துடிக்கும். ஒரு பகுதி முடியுமுன் அடுத்ததை அதே சுருதியில், அதே வேகத்தில் கலக்க வேண்டும். இயந்திரம் கலக்கிறது. நான் டீ குடிக்கிறேன்.

நாள் 214. மாலை 3.40
இயந்திரம் செத்தது. வேகம் காட்டும் மீட்டரும் போனது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கையால் கலக்கிறேன். நடுவில் கோழித்தூக்கம்.

நாள் 217. காலை 9.05
பெட்டித் திரைகளை இன்றுதான் பார்த்தேன்: இதயங்கள் நாற்பத்தெட்டில். குற்றம் என் விரலில். கல்யாண வீட்டில் பாட்டுக்குப் பாட்டு வேகத்தைத் துளி கூட்டுவோம், கூட்டம் சோராமலிருக்க. பழக்கதோஷம். துடிப்பு கூடினால் மூச்சும் கூடும்; மூன்று நாளாகக் கப்பலின் காற்றைக் கூடுதலாகக் கரைத்திருக்கிறேன்.

நிலவுக் கட்டுப்பாட்டறை, வைகுண்டமணி: "என்னவே, கல்யாண வீடுன்னு நெனச்சீரா? காத்து பத்தாது. மூணு பெட்டிய நிறுத்தும். நாலு, ஏழு, ஒம்பது."
நான்: "ஒம்பதுல எம்மவ கெடக்கா சார்."
செய்தி போய்வர எட்டு நிமிடம். பிறகு அவர்: "தெரியும்வே. துடிப்பு ரொம்பக் கூடுன மூணத்தான் எடுத்தேன்."

நாள் 217. காலை 11.30
வேறு வழி இருக்கிறது. இருபத்து நான்குக்கு இறக்கினால் காற்று எல்லோருக்கும் போதும். வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கும். கலக்கும் இடத்தில் சுருதி பிசகினால் இதயம் நின்றுவிடும். ஆகவே ஓடும் பகுதியை மெல்ல இழுத்தேன். சுருதி அரைப்படி இறங்கியதும், இயல்பிலேயே அரைப்படி கீழே உள்ள பகுதியைப் பிடித்து ஒட்டினேன். நாற்பத்தைந்து. யாரும் சாகவில்லை.

நாள் 219. காலை 8.20
இருபத்தெட்டு.
வைகுண்டமணி: "ஒம்ம வித்தையெல்லாம் திருவிழாவுல காட்டும். ஒரு மணி நேரத்துல நிறுத்தலன்னா இங்கயிருந்தே ஒம்பத நிறுத்துவேன். எனக்கு அவ ஒரு நம்பர்தாம்வே."
ஆன்டெனா வயரை வெட்டினேன். வயர் வெட்ட எனக்குத் தெரியாதா?

நாள் 220. மதியம் 2.00
இருபத்து நான்கு. பிரகாசியும்தான். காற்று போதும். நாலடி நடந்தால் உட்காரத் தோன்றுகிறது. கிழவன்.

நாள் 221. காலை 10.15
என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். இருபத்து நான்கு.
நானும்தானே இத்தனை நாளாய்க் கேட்கிறேன். காதை அடைத்தால் கலக்க முடியாது.

10.40
கை எழவில்லை. அடுத்த கலப்பு பதினொன்றுக்கு. ஒன்பதைத் திறக்கும் பொத்தானை அமுக்கிவிட்டேன். அவள் எழ இருபது நிமிடம்.

10.5
பிரகாசி இதைப் படித்ததும் காதை அடைச்சுக்கோ
இல்ல அடைக்காத கலக்கணும்
அடைச்சு